இமையில் முளைத்ததா தேயிலை?

சீனத்திலும் ஜப்பானிலும் நெடுங்காலமாக வழங்கிவரும் கதை ஒன்று உண்டு. தென்னிந்தியாவிலிருந்து சீனம் சென்ற போதிதருமர் என்னும் பௌத்தத் துறவி, ஒன்பது ஆண்டுகள் சுவரை நோக்கியவாறு தவம் இருந்தாராம். இடையில் ஒருநாள் உறக்கம் அவரை வென்றுவிட்டதாம். விழித்தெழுந்த துறவி தம்மீதே சினங்கொண்டு, மூடிய இமைகள் இரண்டையும் அறுத்து மண்ணில் எறிந்தாராம். எறிந்த இடத்தில் ஒரு செடி முளைத்ததாம். அதன் இலை இமையின் வடிவில் இருந்ததாம். அந்த இலையை வெந்நீரில் இட்டுப் பருகியவர்க்கு உறக்கம் வரவில்லையாம். அதுவே தேயிலை!

இத்தனை 'ஆம்'களைத் தூணாக நிறுத்திக் கட்டப்பட்ட கதை இது. போதிதருமர் காஞ்சி நகரத்து அரசிளங்குமரர் என்று பிற்காலத்தார் கூறுவதுண்டு. ஆகவே, 'உலகுக்குத் தேயிலையைத் தந்தவன் தமிழன்' என்று மார்தட்டும் ஆசை நமக்கும் எழக்கூடும். அந்த ஆசையை நாம் அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஆரியப் புராணத்தைக் கண்டால் அறிவுக்கண் கொண்டு பார்ப்போம், நமக்குப் பெருமை தரும் புராணமாயின் கண்ணை மூடிக்கொள்வோம் என்பது பகுத்தறிவு ஆகாது. அது வேறொரு வகை மூடநம்பிக்கை.

கதை பொய் என்பதற்குச் சான்று என்ன? சான்றைத் தருவது தேயிலையே! போதிதருமர் வாழ்ந்த காலம் கி.பி. ஐந்து அல்லது ஆறாம் நூற்றாண்டு என்பர். சீனத்து ஹான் மரபின் ஜிங் என்னும் பேரரசன் கி.மு. 141-இல் இறந்தான். அவன் கல்லறைத் தொகுதியை அகழ்ந்தபோது மட்கிய இலைகள் கிடைத்தன. அவை என்ன இலைகள்? கண்ணால் கண்டு சொல்ல இயலவில்லை. இரசாயனச் சோதனை நடத்தினர். காஃபீன் இருந்தது; தேயிலைக்கே சிறப்பாக உரிய தியானின் என்னும் பொருளும் இருந்தது. 2016-இல் இந்த முடிவு வெளியாயிற்று. துறவியின் இமை அறுபடுவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே, அரசன் ஒருவன் தன் கல்லறைக்குத் தேயிலையைக் கொண்டு சென்றுவிட்டான்!

இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் இலையின் அடையாளத்தைக் காட்டிக்கொடுத்த அந்தப் பொருள்கள் எவை? அவற்றைக் கண்டவர் யார்? எப்படிக் கண்டனர்? அதற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன? இந்த வரலாறு இமைக் கதையை விடச் சுவையானது. அதனினும் மேலாக, உண்மையானது. அதனையே இங்கு கூற விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். பழங்காலத்து மக்கள் கண்டது முழுவதும் பொய் அன்று. தேநீர் பருகினால் உறக்கம் விலகும் என்பது அவர்கள் கண்ட உண்மை. 1191-இல் சீனத்திலிருந்து தேயிலை விதைகளைக் கொண்டுவந்து ஜப்பானில் பரப்பிய எய்சாய் என்னும் துறவியும், தேநீர் உடலுக்கு நலம் தரும் என்று நூலே எழுதினார். கண்டது சரி, காரணம் சொன்ன இடத்தில்தான் தவறு. 'ஏன் உறக்கம் விலகுகிறது?' என்ற வினா எழுந்தபோது, விடை தெரியாத மனிதன் இமையை அறுத்துக் கதை செய்தான். விடை தெரியாத இடத்தில் கதையை வைப்பது மதத்தின் வழக்கம். விடை தெரியாத இடத்தில் வினாவை அப்படியே வைத்திருப்பது விஞ்ஞானத்தின் வழக்கம்.

அந்த வினா நெடுங்காலம் காத்திருந்தது. 1819-இல் ஜெர்மானிய இளைஞர் ரூங்கே, காப்பிக் கொட்டையிலிருந்து ஒரு பொருளைத் தனியே பிரித்தெடுத்தார். அதுதான் காஃபீன். 1827-இல் தேயிலையிலிருந்து ஊட்ரி என்பவர் ஒரு பொருளைப் பிரித்து, தேயின் என்று பெயரிட்டார். இரண்டும் ஒன்றே என்பது 1838-இல் விளங்கிற்று. அந்தப் பொருளின் அமைப்பை எமில் ஃபிஷர் அந்நூற்றாண்டின் இறுதியில் கண்டறிந்து, ஆராய்ச்சிக் கூடத்திலேயே அதனை ஆக்கியும் காட்டினார். விழித்திருக்கும் நேரமெல்லாம் நம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தனக்குரிய இடத்தில் சென்று அமரும்போது, 'களைத்தாய், உறங்கு' என்னும் செய்தி பிறக்கிறது. காஃபீன் அந்த இருக்கையில் முந்திக்கொண்டு அமர்ந்துவிடுகிறது. செய்தி தடைப்படுகிறது, கண் மூடவில்லை. இதற்குத் துறவியும் தேவையில்லை, கத்தியும் தேவையில்லை.

ஆனால் காஃபீன் மட்டுமா தேயிலை? நாவில் பட்டதும் சுருக்கென்று இழுக்கும் துவர்ப்பு எதனால்? பச்சைத் தேயிலைக்கும் கருந்தேயிலைக்கும் இத்துணை வேறுபாடு ஏன்? அந்த வினாக்களுக்கு விடை தேடியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் ஒரு பெண். மிச்சியோ சுஜிமுரா என்பது அவர் பெயர்.

1888-இல், ஜப்பான் நாட்டுச் சைத்தாமா மாநிலத்தில் இன்று ஓக்கெகாவா எனப்படும் ஊரில் பிறந்தார் அவர். பெண் படித்தால் ஆசிரியை ஆகலாம். அதற்கு மேல் வழியில்லை என்றிருந்த காலம். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்தார். 1909-இல் அது முடிந்ததும் டோக்கியோ மகளிர் உயர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பாடம் சொன்னவர் கோனோ யாசுயி. பிற்காலத்தில், 1927-இல், ஜப்பானில் விஞ்ஞான டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண்மணியாக விளங்கியவர். ஒரு பெண் ஆராய்ச்சியாளராக முடியும் என்பதை ஏட்டில் படித்தல்ல, எதிரே நின்ற ஆசிரியையைப் பார்த்து அறிந்துகொண்டார் மாணவி. 1913-இல் படிப்பு முடிந்தது. சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக வேலை. ஆயின் உள்ளத்தில் எரிந்த நெருப்பு அணையவில்லை.

அந்த நாளில் ஜப்பானில் அரச பல்கலைக் கழகங்கள் சில இருந்தன. அவற்றின் கதவுகள் ஆண்களுக்கே திறந்திருந்தன. 1913-இல் தோஹொக்கு பல்கலைக் கழகம் மட்டும் துணிந்து மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அம்மூவரில் ஒருவரான சிக்கா குரோடா, தாவரங்களின் நிறப்பொருள்களை ஆராய்ந்து 1929-இல் டாக்டர் பட்டம் பெற்றார். கதவு சிறிது திறந்தாலும் உள்ளே நுழையும் அறிவு பெண்ணுக்கு உண்டு என்பதற்கு அது சான்று. ஆனால் சான்று கிடைத்த உடனேயே கதவைத் திறந்துவிடும் பழக்கம் ஆதிக்கத்துக்கு என்றும் இருந்ததில்லை.

1920-இல் சுஜிமுரா ஹொக்கைடோ அரச பல்கலைக் கழகத்தின் கதவைத் தட்டினார். அங்கே பெண்களை மாணவியராகச் சேர்ப்பதில்லை. 'மாணவியாக வேண்டாம், ஊதியமும் வேண்டாம், வேலை செய்ய இடம் மட்டும் போதும்' என்னும் நிலையில் அவர் உள்ளே சென்றார். வேளாண் இரசாயனத் துறையின் உணவு ஆராய்ச்சிக் கூடத்தில் ஊதியமில்லாத உதவியாளர் ஆனார். பட்டுப் புழுவின் உணவு பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டார். எண்ணிப் பார்க்க வேண்டும், தோழர்களே! அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. பயிற்சி பெற்ற ஆசிரியை. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர். அதனை விட்டு, கூலியில்லா வேலைக்குச் சென்றார். அறிவைத் தேடி வந்தவரிடம், பெண்ணாய்ப் பிறந்ததற்காக ஒரு நிறுவனம் வாங்கிய அபராதம் அது!

இரண்டாண்டுகளுக்குப் பின் டோக்கியோ அரச பல்கலைக் கழகத்தின் மருத்துவ இரசாயனக் கூடத்துக்குச் சென்றார். 1923 செப்டம்பர் முதல் நாள் கான்டோ பெருநில நடுக்கம் டோக்கியோவைத் தரைமட்டமாக்கியது. அவர் பணியாற்றிய ஆராய்ச்சிக் கூடமும் அழிந்தது. 'தெய்வக் குற்றம்' என்று அவர் முடங்கிவிடவில்லை. அந்த ஆண்டிலேயே ரிக்கென் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே உமெத்தாரோ சுசூகி என்னும் பேரறிஞரின் குழுவில் இடம் கிடைத்தது.

சுசூகி யார் என்பது சோறு உண்ணும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசியையே உணவாகக் கொண்டவர்களைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டி வந்தது. கால் வீங்கும்; நரம்பு தளரும்; இதயம் நிற்கும். பாவத்தின் பயனா, தொற்றுக் கிருமியா என்று உலகம் மயங்கிக்கொண்டிருந்தபோது, நாம் மாட்டுக்குப் போடும் தவிட்டிலிருந்து நோய் தீர்க்கும் சத்தை 1910-இல் பிரித்துக் காட்டியவர் சுசூகி. இன்று பி1 வைட்டமின் என்று நாம் சொல்லுவது அதுவே. உண்ணும் பொருளில், கண்ணுக்குத் தெரியாத அளவில், உயிரை ஆக்கவும் அழிக்கவும் வல்ல பொருள்கள் உள்ளன என்னும் பாடத்தை அவரிடம்தான் சுஜிமுரா பயின்றார்.

1924-இல் முதற் கனி கிடைத்தது. செய்த்தாரோ மியூரா என்னும் உடன் பணியாளருடன் சேர்ந்து, பச்சைத் தேயிலையில் சி உயிர்ச்சத்து உண்டு என்று அவர் கண்டறிந்து வெளியிட்டார். அந்த நாளில் சி உயிர்ச்சத்தைத் தனியாகப் பிரித்துப் பார்த்தவர் உலகில் எவருமில்லை. அது இன்ன பொருள் என்று உறுதியானதே 1932-இல்தான். ஸ்கர்வி என்னும் ஈறு அழுகும் நோய் மனிதனுக்கு வருவது போலவே கினிப்பன்றிக்கும் வரும். ஐயத்துக்குரிய உணவைக் கொடுத்து, அந்நோய் தடுக்கப்படுகிறதா என்று பார்ப்பதே அக்காலத்து வழி. பொறுமையைக் கோரும் வழி. இந்தக் கண்டுபிடிப்பு வெளியானபின் வட அமெரிக்காவுக்கு ஜப்பானின் பச்சைத் தேயிலை ஏற்றுமதி பெருகியது. ஊதியமில்லா வேலைக்கு ஏற்றவர் என்று கருதப்பட்ட பெண்ணின் உழைப்பால் நாட்டின் கருவூலம் நிறைந்தது!

அவர் அத்துடன் நிற்கவில்லை. துவர்ப்பின் மூலத்தைத் தேடினார். 1929-இல் பச்சைத் தேயிலையிலிருந்து கேட்டச்சின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டில் தேயிலையின் டானின் என்னும் துவர்ப்புப் பொருளைப் படிகமாக எடுத்தார். 1932-இல் பச்சைத் தேயிலையின் இரசாயனக் கூறுகளைப் பற்றிய தம் ஆராய்ச்சியை டோக்கியோ அரச பல்கலைக் கழகத்துக்கு அளித்து, ஜப்பானின் முதல் பெண் வேளாண்மை டாக்டர் ஆனார். 1934-இல் காலோகேட்டச்சின் என்னும் மற்றொரு பொருளையும் பிரித்தார். பெண்ணை மாணவியாகச் சேர்க்க மாட்டோம் என்றிருந்த அமைப்பு, அந்தப் பெண்ணுக்கே டாக்டர் பட்டம் அளித்துத் தலைவணங்க வேண்டியதாயிற்று.

கேட்டச்சின் என்னும் பெயர் நமக்கு அயலாகத் தோன்றும். ஆனால் பொருள் அயலானது அன்று. வெற்றிலையுடன் மெல்லும் காசுக்கட்டியை அறியாதவர் நம் நாட்டில் உண்டோ? அதனை ஐரோப்பியர் கேட்டச்சு என்றனர். அதிலிருந்து பிறந்ததே கேட்டச்சின் என்னும் பெயர். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலும் ஜப்பானியரின் தேநீர்க் கிண்ணத்திலும் இருக்கும் துவர்ப்பு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது.

செடி ஏன் இந்தப் பொருள்களைச் செய்துவைக்கிறது? 'மனிதனின் நோய் தீர்க்க இறைவன் படைத்த மூலிகை' என்பார்கள் ஆத்திகர்கள். செடி மனிதனுக்காக எதையும் செய்யவில்லை. ஓடி ஒளிய முடியாத உயிர் அது. பூச்சியும் புழுவும் பூஞ்சணமும் தாக்கினால் எதிர்த்து நிற்க வேண்டும். காஃபீனும் கேட்டச்சினும் அந்தப் போரின் கருவிகள். பூச்சிக்கு நஞ்சாக அமைந்தது, அளவறிந்து உண்ணும் மனிதனுக்குச் சில வேளை மருந்தாகிறது. அளவு மீறினால் அவனுக்கும் நஞ்சாகிறது. இந்த ஒரு கருத்து உள்ளத்தில் பதிந்தால், மூலிகை பற்றிய மயக்கம் பாதி தெளிந்துவிடும்.

இனி, பச்சைத் தேயிலையும் கருந்தேயிலையும் வெவ்வேறு செடிகள் என்று ஐரோப்பியர் நெடுநாள் நம்பியிருந்தனர். 1840-களில் சீனத்துக்குள் சென்ற ராபர்ட் ஃபார்ச்சூன், இரண்டும் ஒரே செடியின் இலைகளே என்று நேரில் கண்டு எழுதினார். வேறுபாடு பிறப்பில் இல்லை, பக்குவத்தில் இருக்கிறது. பறித்த உடனே இலையை ஆவியிலோ சூட்டிலோ காட்டினால் அதிலுள்ள நொதி செயலிழக்கிறது. கேட்டச்சின் அப்படியே நிற்கிறது. இலையும் பச்சையாகவே இருக்கிறது. வாட்டி, கசக்கிச் சுருட்டிக் காற்றுப்பட விட்டால், நொதி கேட்டச்சினைக் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்க்கிறது. தியாஃபிளேவின் முதலிய செம்பொருள்கள் பிறக்கின்றன. சி உயிர்ச்சத்து அழிந்துபோகிறது. ஒரே செடி, ஒரே கிளை, ஒரே இலை. நிறத்தைப் பார்த்துப் பிறப்பு வேறு என்றவர்கள் இலையின் செய்தியிலும் ஏமாந்தனர்! பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்து, நிலைக்குக் காரணமான வாய்ப்பையும் வளர்ப்பையும் மறைப்பவர்களுக்குத் தேயிலையே பாடம் சொல்லும் போலும்.

ரிக்கெனில் சேர்ந்து 24 ஆண்டுகள் கழித்து, 1947-இல்தான் சுஜிமுரா அங்கே முழு ஆராய்ச்சியாளர் நிலையை அடைந்தார். 1949-இல் ஒச்சானோமிசு பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1956-இல் தேயிலை ஆராய்ச்சிக்காக ஜப்பானின் வேளாண் விஞ்ஞானப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1969-இல், தமது எண்பதாம் வயதில் மறைந்தார். ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் ஓர் உண்மை நெஞ்சைச் சுடுகிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை, உழைப்புக்குப் பஞ்சமில்லை. இடம் கிடைப்பதற்கே ஒரு பெண்ணின் வாழ்நாளில் பாதி போய்விட்டது. கதவு தட்டக்கூட முடியாமல் அடுப்பங்கரையில் அடங்கிப்போன சுஜிமுராக்கள் எத்தனை பேர்? அவர்கள் கண்டிருக்கக்கூடிய உண்மைகள் எத்தனை? அந்தக் கணக்கை எழுத ஏடு ஏது?

தேயிலையோடு இந்த வரலாறு முடிந்துவிடவில்லை. மூலிகைகளிலும் இதே வழியில் நடந்த பெண்மணிகளைக் காண்கிறோம். வியட்நாம் போர்க் காலத்தில் மலேரியாவுக்குப் புது மருந்து காணச் சீன அரசு 1967-இல் ஒரு திட்டம் தொடங்கியது. அதில் ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்ற டூ யூயூ, பழைய ஏடுகளையும் நாட்டு வைத்தியர்களின் முறைகளையும் புரட்டி, ஈராயிரத்துக்கு மேற்பட்ட மருந்துக் குறிப்புகளைத் தொகுத்தார். சிங்ஹாவோ என்னும் செடி நம்பிக்கை தந்தது. ஆயின் சோதனையில் ஒரு முறை பலித்தால் மறு முறை பலிக்கவில்லை. ஏன்? நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹொங்கின் குறிப்பை அவர் மீண்டும் படித்தார். அதில் செடியைக் காய்ச்சும்படி சொல்லப்படவில்லை. நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படியே சொல்லப்பட்டிருந்தது. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ? குறைந்த சூட்டில் ஆவியாகும் ஈதரைக் கொண்டு சாற்றை எடுத்தார். 1971-இல் அந்தச் சாறு எலியின் குருதியிலிருந்த மலேரியா ஒட்டுண்ணியை அடியோடு ஒழித்தது. அடுத்த ஆண்டில் அவரும் உடன் பணியாளர்களும் முதலில் தாமே அதனை உட்கொண்டு சோதித்த பின்பே நோயாளிகளுக்குக் கொடுத்தனர். ஆர்ட்டிமிசினின் என்னும் அந்த மருந்துக்காக 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. டாக்டர் பட்டம் இல்லாதவர் அவர்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கற்கலாம். 'பழைய ஏட்டில் இருக்கிறது, ஆகவே உண்மை' என்று அவர் சொல்லவில்லை. 'பழைய ஏட்டில் இருக்கிறது, ஆகவே குப்பை' என்றும் சொல்லவில்லை. 'பழைய ஏட்டில் இருக்கிறது, ஆகவே சோதிப்போம்' என்றார்! பகுத்தறிவு என்பது இதுதான்.

இந்தியாவிலும் அசீமா சட்டர்ஜி இருந்தார். 1944-இல் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் விஞ்ஞான டாக்டர் பட்டம் பெற்றார். இந்தியப் பல்கலைக் கழகம் ஒன்று அப்பட்டத்தை ஒரு பெண்ணுக்கு அளித்தது அதுவே முதல் முறை. நம் வயல் ஓரத்து ஆரைக்கீரை இனத்தை ஆராய்ந்து காக்கை வலிப்புக்கு மருந்து கண்டவர் அவர். காக்கை வலிப்பைப் பேயின் பிடி என்று வேப்பிலை அடிக்கும் கூட்டம் ஒரு புறம். வயலிலிருந்து கீரையை எடுத்துச் சென்று மருந்தைத் தேடிய பெண்ணறிஞர் மறு புறம். நாடு யாரைப் பின்பற்ற வேண்டும்?

சுடுகாட்டிலும் பூப்பதால் சுடுகாட்டு மல்லி என்று சிலர் ஒதுக்கும் நித்தியகல்யாணியின் கதையும் கேட்கத்தக்கது. நீரிழிவுக்கு அது மருந்து என்னும் நாட்டு வழக்கைச் சோதிக்கக் கனடா நாட்டில் நோபிள், பீர் என்னும் இருவர் முனைந்தனர். சர்க்கரை குறையவில்லை, எலியின் குருதியில் வெள்ளணுக்கள் குறைந்தன. நம்பியது பொய்த்தது என்று அவர்கள் குப்பையில் எறியவில்லை. வெள்ளணுக்கள் பெருகுவதே குருதிப் புற்றுநோய் அன்றோ என்று எண்ணினர். 1958-இல் வின்பிளாஸ்டின் பிறந்தது. அதனை அடுத்து அதே செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டின் எண்ணற்ற குழந்தைகளின் உயிரைக் காத்துவருகிறது. வழக்கு சொன்னது ஒன்று. சோதனை காட்டியது வேறொன்று. சோதிக்காமல் நம்பியிருந்தாலும் இழப்பு, சோதிக்காமல் தள்ளியிருந்தாலும் இழப்பு.

இனி நம் இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய மந்திரவாதி 'ஓம்' என்றான். புதிய வணிகன் 'கேட்டச்சின்' என்கிறான். முன்னவன் விபூதி விற்றான். பின்னவன் மாத்திரை விற்கிறான். 'பச்சைத் தேயிலைச் சத்து, புற்றுநோய் அண்டாது, கொழுப்பு கரையும்' என்று விளம்பரங்கள் கூவுகின்றன. உண்மை என்ன? பச்சைத் தேநீர் புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இதுவரை இல்லை. மனிதரிடம் நடந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைத் தந்துள்ளன. தேயிலைக் கேட்டச்சின்களால் ஆன களிம்பு ஒன்றை, சில வகை மருக்களுக்கு மருந்தாக அமெரிக்க அரசு 2006-இல் ஏற்றது. சோதனையில் தேறிற்று, ஏற்றது. அதே கேட்டச்சினை மாத்திரையாக்கி நாளொன்றுக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் விழுங்கினால் ஈரலுக்குத் தீங்கின் அறிகுறி தோன்றுவதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-இல் எடுத்துக்காட்டியது. கிண்ணத்துத் தேநீர் வேறு, மாத்திரைக்குள் திணித்த சத்து வேறு.

'இயற்கை மூலிகை, தீங்கு செய்யாது' என்பதும் நாம் விட்டொழிக்க வேண்டிய நம்பிக்கையே. நம் நாட்டு ஆடுதின்னாப்பாளையின் இனத்தைச் சேர்ந்த சீன மூலிகை ஒன்று, 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவிக்கும் மருந்தில் கலந்துவிட்டது. அதனை உண்ட பெண்கள் பலரின் சிறுநீரகம் பழுதாயிற்று, புற்றுநோயும் தொடர்ந்தது. அந்த இனத்து மூலிகைகள் புற்றுநோயை உண்டாக்குபவை என உலக அமைப்பு உறுதி செய்துவிட்டது. ஆடு தின்னாத பாளை என்று பெயரிட்ட நம் முன்னோர், ஆட்டின் அறிவையாவது மதித்தனர்!

நம் வீடுகளுக்குரிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள், காய்கறி தானியங்களில் உள்ள இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு, உடல் அதனை ஏற்பதைப் பெரிதும் குறைக்கின்றன. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர்கள். வீட்டார் அனைவரும் உண்டபின் மிஞ்சியதை உண்டு, அதனுடன் தேநீரையும் குடித்துப் பசியை அடக்கும் தாய்மார்கள் எத்தனை பேர்! உணவோடு சேர்க்காமல் ஒரு மணி நேரம் தள்ளித் தேநீர் பருகுவது நல்லது. அதனினும் நல்லது, மிஞ்சியதைப் பெண் உண்ணும் வழக்கத்தையே ஒழிப்பது.

கேட்டச்சினும் காஃபீனும் செடியில் எங்கே மிகுதி? முற்றிய இலையில் அன்று, இளங்கொழுந்தில். ஆகவேதான் இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று பறிக்கிறார்கள். அந்தக் கொழுந்தைப் பழுதின்றிக் கிள்ளும் விரல்கள் யாருடையவை? 1867-இல் இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதிலிருந்து, அந்த மலைகளில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பான்மையோர் தமிழ்ப் பெண்கள். கங்காணியின் கணக்கிலும் லயத்தின் ஒற்றை அறையிலும் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்தவர்கள். 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கிற்று. எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தேயிலையின் உட்பொருளைக் கண்ட பெண் ஊதியமின்றி உழைத்தார். தேயிலையைப் பறித்த பெண்கள் உரிமையின்றி உழைத்தனர். இரண்டையும் செய்தது இமையை அறுத்த துறவியும் அல்ல, எழுதியதாகச் சொல்லப்படும் விதியும் அல்ல; மனிதன் வகுத்த அமைப்பு. மனிதன் வகுத்ததை மனிதனே மாற்ற முடியும்.

ஆகவே, தோழர்களே, அடுத்த முறை தேநீர்க் கடையில் கிண்ணத்தைக் கையில் எடுக்கும்போது ஒரு நொடி எண்ணிப் பாருங்கள். அந்த நிறத்துக்குக் காரணம் உண்டு; துவர்ப்புக்குக் காரணம் உண்டு; விழிப்புக்குக் காரணம் உண்டு. காரணத்தைத் தேடியவர்களுக்குக் கதவடைத்தவர்களும் உண்டு. நம் ஊரில் ஆராய்ச்சிக் கூடத்தை நோக்கிக் கால் எடுத்து வைக்கும் பெண் ஒருத்தி இருப்பாள். தங்கையாக இருக்கலாம், மகளாக இருக்கலாம், தோட்டத்து லயத்தில் பிறந்தவளாகவும் இருக்கலாம். அவளுக்குக் கதவைத் திறந்துவிடுவது நம் கடமை. இமையை அறுத்தால் செடி முளைக்காது. இமையைத் திறந்தால் அறிவு முளைக்கும்.